வெள்ளை அணு குறைந்திருக்கிறது என்று ரிப்போர்ட் சொன்னால்

“டாக்டர், வெள்ளை அணு 2,800-தான் இருக்கு. எதிர்ப்பு சக்தியே போயிடுச்சா?” காய்ச்சலின் நாலாவது நாள் எடுத்த ரிப்போர்ட்டோடு பரிசோதனைக்கூடத்துக்கே வந்து இப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருப்பது வழக்கம் என்பதால் பயப்படுவது இயல்புதான். ஆனால் அந்த எண்ணில் அடங்குவது, ஊசி குத்திய நிமிடத்தில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த அணுக்கள் மட்டுமே. எலும்பு மஜ்ஜையில் காத்திருப்பவையும் நிணநீர் முடிச்சுகளில் வேலையில் இருப்பவையும் அந்தக் கணக்கில் வராது.

வெள்ளை அணுக்களில் பெரும்பான்மை நியூட்ரோஃபில். கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடி வருவது இதுதான். ரத்தத்தில் இதன் ஆயுள் மிகக் குறைவு, சுமார் ஒரு நாள். கிருமியை விழுங்கிக் கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போகும். புண்ணில் பார்க்கும் சீழில் பெரும்பகுதி இப்படிச் செத்தவைதான். இதை ஈடுகட்ட, நாம் நலமாக இருக்கும் நாளிலேயே மஜ்ஜை தினம் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது.

பாக்டீரியாத் தொற்று வந்தால் முதலில் மஜ்ஜையின் இருப்பு வெளியே வரும். ரத்தத்தில் ஓடுவதைப் போலப் பல மடங்கு அங்கே இருக்கும். கூடவே ஜி-சி-எஸ்-எஃப் என்ற புரதம் அதிகமாகச் சுரந்து, இளம் அணுக்களை வேகமாகப் பெருக்கி, அவை முதிர எடுக்கும் நாட்களையும் குறைத்துவிடும். அவசரம் முற்றினால் முதிராதவையும் ரத்தத்துக்கு வந்துவிடும். முதிர்ந்த நியூட்ரோஃபிலின் உட்கரு மூன்று நான்கு துண்டுகளாகத் தெரியும். இளசின் உட்கரு குதிரை லாடம் போல வளைந்து ஒரே துண்டாக இருக்கும். ரிப்போர்ட்டில் ‘பேண்ட் செல்’ என்று போடுகிறோமே, அது இதுதான். மெஷின் தரும் எண் நார்மலாகவே இருந்தாலும், ஸ்லைடில் இவை நிறையத் தெரிந்தால் சிகிச்சை தரும் மருத்துவரை உடனே போனில் கூப்பிட்டுவிடுவேன்.

சரி, வைரஸ் காய்ச்சலில் ஏன் குறைகிறது? டெங்கு, ஃப்ளூ போன்றவற்றில் வைரஸும், அதை எதிர்க்க உடம்பே சுரக்கும் பொருட்களும் மஜ்ஜையைச் சில நாள் மந்தமாக்கும். வெள்ளை அணுக்களின் இன்னொரு வகையான லிம்போசைட்டுகளில் ஒரு பகுதி ரத்தத்தை விட்டு நிணநீர் முடிச்சுகளுக்குள் போய்விடும். அங்கே, அந்த வைரஸை அடையாளம் காணத் தெரிந்த மிகச் சில அணுக்கள் ஒரு நாளைக்கே இரண்டு மூன்று முறை பிரிந்து, ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகும். கழுத்தில் நெறி கட்டுவது இதனால்தான். தொற்று அடங்கியதும் இவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் தாமாகவே மடிந்துவிடும். மிச்சம் நிற்பவை நினைவு அணுக்கள். அந்த வைரஸ் மறுபடி வந்தால் அவை முந்திக்கொள்ளும். நெறி நாலு வாரம் தாண்டியும் வற்றாவிட்டால், அல்லது கெட்டியாக வளர்ந்துகொண்டே போனால் காட்டிவிடுங்கள்.

வைரஸால் குறைந்த எண்ணிக்கை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஏறிவிடும். மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடி பரிசோதித்தால் போதும். வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாட்டிக்கை இதற்காக எடுத்து விழுங்காதீர்கள். அதற்கு எண்ணிக்கையை ஏற்றும் வேலையே கிடையாது. பி12, ஃபோலேட் உண்மையிலேயே குறைவாக இருந்தால் மஜ்ஜை தடுமாறும், அப்போது மாத்திரை உதவும். போதுமான அளவு இருப்பவருக்குக் கூடுதல் மாத்திரை எதையும் வேகப்படுத்தாது. அப்புறம், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். தொற்றே இல்லாமலும் அது எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும்.

மொத்த எண்ணைவிட நான் முதலில் பார்ப்பது நியூட்ரோஃபில் எத்தனை என்பதைத்தான். 2,800-இல் 55 சதவீதம் என்றால் 1,540. பெரும்பாலோருக்கு அது ஆபத்தான அளவு இல்லை. 500-க்குக் கீழே போனால் கதையே வேறு. கீமோதெரபி எடுப்பவர்களுக்கு மருந்தே மஜ்ஜையை அடக்கி வைத்திருக்கும். சீழ் பிடிக்கக்கூட அணு இல்லாததால் தொற்று வெளியே தெரியாது, காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், நள்ளிரவானாலும், பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் அந்த மணி நேரத்துக்குள்ளேயே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கீமோதெரபி எடுத்த தேதியைப் போனதும் முதலில் சொல்லுங்கள்.