'ஃப்ளாஷ் பிளேயர் அப்டேட்' என்று வந்தால் தயவுசெய்து தொடாதீர்கள்

மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் கணக்கு எழுதும் அலுவலகங்களிலிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். ஜிஎஸ்டிஆர்-3பி என்னும் மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் அது. "சார், பிரௌசர் திரும்பத் திரும்ப க்ராஷ் ஆகுது, ஏதோ ப்ளக்-இன்னுன்னு வருது, சீக்கிரம் வாங்க" என்பார்கள்.

போன வாரம் போன அலுவலகத்தில், நான் வருவதற்குள் அங்கே வேலை பார்க்கும் தம்பி தானே வைத்தியம் பார்த்து முடித்திருந்தார். திரையில் வந்த செய்தியைக் கூகுளில் போட்டிருக்கிறார். கண்ணில் பட்ட ஏதோ ஒரு தளத்திலிருந்து 'ஃப்ளாஷ் பிளேயர் புதிய வெர்ஷன்' என்று ஒன்றை இறக்கியிருக்கிறார். ஃப்ளாஷ் என்பது ஒரு காலத்தில் பிரௌசரில் வீடியோ, விளையாட்டு ஓட்ட உதவிய ப்ளக்-இன், அதாவது பிரௌசரோடு ஒட்டவைக்கும் துணை மென்பொருள். ஆன்டிவைரஸ் தடுத்திருக்கிறது, அதை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்திருக்கிறார். நான் பார்க்கும்போது தேடல் பக்கமே மாறியிருந்தது. யாரும் போடாத இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் (பிரௌசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) இருந்தன, அவற்றை நீக்கும் பட்டனைக் காணோம். குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற வரி, அதாவது செட்டிங்ஸ் வேறு யார் கைக்கோ போய்விட்டது. நிறுவனமாவது, நிர்வாகமாவது! மூன்று கம்ப்யூட்டர் உள்ள அலுவலகம் அது. அந்த பிரௌசரில்தான் அத்தனை வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி, வருமான வரி பாஸ்வேர்டுகளும் சேமித்து வைக்கப்பட்டிருந்தன.

எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். அடோபி நிறுவனம் ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது. 2021 ஜனவரி 12 முதல், பழைய ஃப்ளாஷ் பிளேயர் கம்ப்யூட்டரில் இருந்தாலும் அதில் எதுவும் ஓடாதபடி அடோபியே தடுத்துவிட்டது. அதே மாதம் வந்த குரோம் 88, ஃபயர்பாக்ஸ் 85 இரண்டிலும் ஃப்ளாஷ் முழுதாக நீக்கப்பட்டது. ஜாவா, சில்வர்லைட் மாதிரியான பழைய ப்ளக்-இன்களைக் குரோம் 2015-லேயே கைவிட்டது, ஃபயர்பாக்ஸ் 2017-இல். இன்றைய பிரௌசரில் ஃப்ளாஷ் உட்கார இடமே கிடையாது. இல்லாத பொருளுக்கு ஏது அப்டேட்? அப்படி ஒன்றை நீட்டுகிறவன் வேறு எதையோ உங்கள் தலையில் கட்டுகிறான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையெழுத்து ஏறவில்லை என்றாலும் பிரௌசரைத்தான் நோண்டுகிறார்கள். அந்தக் கையெழுத்தைப் போட்டுத்தரும் எம்சைனர் என்பது பிரௌசருக்கு வெளியே, கம்ப்யூட்டரில் தனியாக ஓடும் மென்பொருள். அதை மூடிவிட்டு, ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

சரி, உண்மையிலேயே பிரௌசர்தான் க்ராஷ் ஆகிறதா? முதலில் இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே தளத்தைத் திறங்கள். நீங்களாக அனுமதி கொடுத்திருந்தாலொழிய எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. ஃபயர்பாக்ஸ் என்றால் ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட் மோடு இருக்கிறது. அங்கே ஒழுங்காக ஓடினால் குற்றவாளி ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன். எக்ஸ்டென்ஷன்களில் பாதியை அணைத்துப் பாருங்கள், க்ராஷ் ஆவது நின்றால் அந்தப் பாதிக்குள் தேடுங்கள், அதையும் பாதியாக்குங்கள். குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு மெமரி தின்கிறது என்பதும் தெரியும். இன்காக்னிட்டோவிலும் க்ராஷ் ஆனால் செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் ஆக்ஸலரேஷனை அணைத்துவிட்டுப் பாருங்கள். டிஸ்ப்ளே டிரைவர் பழசாகியிருக்கலாம்.

அணைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன், நீக்கச் சொல்லவில்லை. நீக்கினால் அந்த எக்ஸ்டென்ஷன் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்த குறிப்புகள், செட்டிங்ஸ் எல்லாம் அதோடு போய்விடும். அப்புறம் என்னிடம் வந்து கேட்டுப் பயனில்லை.

விண்டோஸ் 7-ஐ விடமாட்டேன் என்கிறவர்களுக்கு: குரோம் 109-தான் அதில் ஓடும் கடைசிக் குரோம். 2023 பிப்ரவரியில் வந்த 110 அதில் ஏறாது. எக்ஸ்டென்ஷன்கள் புதுப்பிக்கப்படும், பிரௌசர் அங்கேயே நிற்கும், சில நேரம் இரண்டும் ஒத்துப்போகாது. இதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஸ்டோரிலிருந்து போட்டது, லட்சக்கணக்கானோர் பயன்படுத்துகிறார்கள், அதனால் பயமில்லை என்பார்கள். 'தி கிரேட் சஸ்பெண்டர்' அப்படித்தான் இருந்தது. டேப்களைத் தூங்கவைத்து மெமரி மிச்சம்பிடிக்கும் நல்ல எக்ஸ்டென்ஷன். 2020-இல் அதை உருவாக்கியவர் வேறொருவருக்குக் கைமாற்றினார். 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. பயன்படுத்தியவர்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை, ஆள் மாறியதுகூடப் பலருக்குத் தெரியாது. அதனால் ஆறு மாதமாகத் தொடாத எக்ஸ்டென்ஷன் எதுவானாலும் எடுத்துவிடுங்கள். பிடிஎஃப் மாற்றுவதற்கு எதற்கு 'எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்க, மாற்ற' அனுமதி? அதைக் கேட்கும்போதே கையை எடுங்கள்.

'ஃபார்மேட் அடிச்சிடுங்க சார்' என்பது அடுத்த வியாதி. ஃபார்மேட் செய்து, குரோமில் ஜிமெயில் போட்டு சிங்க் (கூகுள் கணக்கில் சேமித்ததைத் திரும்பக் கொண்டுவரும் வசதி) ஆன் செய்ததும், பழைய எக்ஸ்டென்ஷன்களும் பின்னாலேயே வந்துவிடும். முதலில் அவற்றை நீக்கி, சிங்க்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ஏற்கெனவே அந்த மாதிரி எதையாவது இன்ஸ்டால் செய்துவிட்டீர்களா? யாரையும் திட்ட வேண்டாம், அந்தத் தம்பியையும் திட்ட வேண்டாம் என்றே முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். உடனே நெட்டைத் துண்டியுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், போனிலிருந்தோ வேறு கம்ப்யூட்டரிலிருந்தோ மாற்றுங்கள்: முதலில் மெயில், அடுத்து பேங்க், அப்புறம் ஒவ்வொரு வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி, வருமான வரி லாகின். மெயிலில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கும். அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.