பழைய துணி மீண்டும் நூலாவது ஏன் இவ்வளவு கடினம்?

புதுப் பஞ்சிழையின் நீளம் பெரும்பாலும் 25 முதல் 30 மில்லிமீட்டர். பழைய பருத்தித் துணியை ஆணி உருளைகளில் கொடுத்துக் கிழித்தால், கிடைக்கும் பஞ்சில் நிறைய இழைகள் அதில் பாதிகூட இருக்காது. துணி மறுசுழற்சியின் முதல் சிக்கல் இதுதான்.

முறுக்கும்போது இழைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதால்தான் நூலுக்கு வலு வருகிறது. குட்டை இழைக்குப் பிடிமானம் குறைவு, நழுவிவிடும். வழக்கமான நூற்பு முறையான ரிங் ஸ்பின்னிங்கில் இந்தப் பஞ்சை ஓட்டினால் நூல் அடிக்கடி அறும். வேகமாகச் சுழலும் கிண்ணத்தில் நூற்கும் ஓப்பன் எண்ட் இயந்திரம் ஓரளவு சமாளிக்கும். அதிலும் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும். வருவதும் 10, 20 கவுண்ட் அளவிலான (எண் குறையக் குறைய நூல் தடிக்கும்) தடித்த நூல்தான். போர்வைக்கும் ஜீன்ஸுக்கும் சரி, மெல்லிய சட்டைத் துணிக்கு ஆகாது.

கிழிக்கும் விதத்தில் கொஞ்சம் நீளத்தைக் காப்பாற்றலாம். தளர்வான பின்னல் துணி எளிதில் பிரியும். நெருக்கமாக நெய்த துணியில் நூல் பிரிவதற்குள் இழை அறுந்துபோகும். வழுக்கும் திரவத்தை முன்பே தெளித்தால் உராய்வு குறைந்து சேதமும் குறைகிறது. தையல் ஆலையின் கட்டிங் வேஸ்ட் இதற்கு அருமையான மூலப்பொருள்: துவைத்துத் தேயாதது, பட்டன் ஜிப் இல்லாதது, என்ன இழை என்பதும் தெரிந்தது.

உடுத்திக் கழித்த துணியில் அந்த உறுதி கிடையாது. லேபிளை வெட்டி எறிந்திருப்பார்கள். அகச்சிவப்பு ஒளியால் இழையைக் கண்டறியும் கருவிகள் வேகமானவை, ஆனால் அவை மேற்பரப்பை மட்டுமே படிக்கின்றன. உள்துணி வைத்துத் தைத்த கோட்டில் ஏமாறும். கார்பன் கலந்த கறுப்புச் சாயம் ஒளியை விழுங்கிவிடும். துணி இழுபடுவதற்காகச் சேர்க்கும் 2 முதல் 5 சதவீத எலாஸ்டேன் இழையையும் தவறவிட வாய்ப்பு அதிகம். அந்தச் சிறிய அளவே கிழிக்கும்போது ரப்பர்போல இழுபட்டு உருளைகளில் சுற்றிக்கொள்ளும்.

வேதிமுறையில் இழை நீளம் ஒரு பொருட்டே அல்ல. பருத்தியைக் கரைத்து, நுண்துளைகள் வழியே பிழிந்து, விஸ்கோஸ் அல்லது லையோசெல் எனப்படும் புது இழையாக்குகிறார்கள். இங்கே முக்கியம் பருத்தியின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸின் மூலக்கூறுச் சங்கிலி எவ்வளவு நீளம் என்பதுதான். பல நூறு முறை துவைத்த படுக்கை விரிப்பில் அது ஏற்கெனவே குறைந்திருக்கும். சுருக்கம் விழாமலிருக்க ரெசின் என்ற பிசின் போட்ட துணியோ எளிதில் கரையாது. பாலியஸ்டர் கலந்திருந்தால் சூடான காரத்தில் அதைச் சிதைத்துப் பிரிக்கலாம். பருத்தி மிஞ்சும், பாலியஸ்டரின் மூலப்பொருளும் கரைசலிலிருந்து திரும்பக் கிடைக்கும். கலப்புத் துணிக்கு எனக்கு அதிக நம்பிக்கை தரும் வழி இதுதான். ரசாயனச் செலவும் சாய நீக்கமும்தான் இன்னும் தடை.

இன்று ‘மறுசுழற்சி பாலியஸ்டர்’ என்று விற்பதில் பெரும்பகுதி பழைய பாட்டிலிலிருந்து வருவது, பழைய உடையிலிருந்து அல்ல. உடைகளைத் தனியாகச் சேகரிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. குவியப்போகும் துணியில், பருத்திச் சட்டையைப் பருத்தி நூலாலேயே தைத்திருந்தால் தையல் நூலைத் தனியே பிரிக்கும் வேலை மிச்சமாகும். சூட்டில் உருகி விட்டுவிடும் தையல் நூல்களும் வந்துவிட்டன. அவற்றைப் போட்டுத் தைத்தால் ஆலை அடுப்பில் சூடாக்கும்போதே ஜிப்பும் பட்டைகளும் கழன்று விழும்.