கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காயும் ஆமை

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் தரை ஆமை வளர்க்க வழக்கமாக ஒதுக்குகிற இடம், பல்கனிக் கண்ணாடிக் கதவின் உட்பக்கம். தரையில் நன்றாக வெயில் விழும், காகம் கொத்தாது, ஆமையும் கழுத்தை நீட்டிக்கொண்டு சுகமாகக் கிடக்கும். ஆனால் மாதங்கள் போகப் போக ஓடு மெத்தென்று அமுங்கத் தொடங்கலாம்; பின்கால் இழுபடலாம். ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்பார்கள். பிளாட்டுக்குள் புகுந்தால் உருப்படாமல் போவது ஆமைதான். காரணம் அந்தக் கண்ணாடியும் நம் சமையலறையும்.

ஆமையின் ஓடு அதன் எலும்புக்கூட்டின் ஒரு பகுதி. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று ஒன்றோடொன்று ஒட்டி, ஐம்பது அறுபது எலும்புகளாகச் சேர்ந்து உருவானது. நாம் வெளியே பார்க்கும் கட்டங்கள் அதன் மேல் படிந்த, நம் நகத்தில் உள்ள அதே கெரற்றின் தகடுகள். அடியில் இரத்தமும் நரம்பும் ஓடுவதால், ஓட்டில் தட்டினால் அதற்குத் தெரியும். இவ்வளவு எலும்பைச் சுமக்கிற உயிருக்கு, அதிலும் வளரும் குட்டிக்கு, கல்சியம் எவ்வளவு வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கல்சியத் தூளைத் தூவிவிட்டால் முடிந்ததா? முடியாது. குடலிலிருந்து கல்சியம் இரத்தத்தில் சேர விற்றமின் டி3 வேண்டும். ஆமையின் தோலில் கொலஸ்ரோலுக்கு உறவான பொருள் ஒன்று இருக்கிறது. வெயிலில் உள்ள 290 முதல் 315 நனோமீற்றர் வரையான புற ஊதா பி கதிர் பட்டால் அது விற்றமினின் முன்வடிவமாகிறது. அந்த முன்வடிவம் உடல் சூட்டில் மெல்ல மெல்ல டி3 ஆகிறது. அப்புறம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் இன்னும் இரண்டு மாற்றங்கள் நடந்த பிறகே வேலைக்கு வருகிறது. ஆமை தன் உடலுக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்துதான் எடுக்கிறது. ஆகவே கதிரும் வேண்டும், சூடும் வேண்டும். சாதாரண யன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடுகிறது; புற ஊதா பி கதிரைக் கிட்டத்தட்ட முழுவதும் மறித்துவிடுகிறது. ஆமைக்குப் பசி எடுக்கும், தின்னும், செரிக்கும். டி3 மட்டும் உருவாகாது.

இதயமும் தசைகளும் இயங்க இரத்தத்தில் கல்சியம் குறையக் கூடாது. குறைந்தால் பரா தைரொயிட் சுரப்பியின் ஓமோன் எலும்பைக் கரைத்துக் கல்சியத்தை எடுக்கும். அடுப்பெரிக்கக் கூரைக் கம்பைப் பிடுங்குவது போன்ற வேலை. ஓடு மெத்தென்று ஆவது அதனால்தான். பொரித்துச் சில மாதங்களே ஆன குட்டியின் ஓடு சற்று வளைவது இயல்பு; வளர்ந்ததன் ஓடு அமுங்கினால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். கோணிப்போன ஓடு சிகிச்சைக்குப் பிறகும் பழைய வடிவத்துக்கு வராது.

நிலநடுக்கோட்டிலிருந்து 7 பாகைக்குள் இருக்கும் கொழும்பில் புற ஊதாவுக்குப் பஞ்சமே இல்லை. குளிர்நாட்டவர்கள் விளக்குக்குக் கொட்டுகிற காசை நாம் கொட்டத் தேவையில்லை. ஒரு சிக்கல்: காலை ஏழு மணி இளவெயிலில் இந்தக் கதிர் மிகக் குறைவு. சூரியன் சாய்ந்திருக்கும்போது கதிர் காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் வந்து வடிகட்டப்பட்டுவிடுகிறது. கடலைப் பார்த்த பல்கனிகளுக்குக் கிடைக்கும் மாலை வெயிலும் அப்படித்தான். ஒன்பது மணிக்குப் பிறகு மொட்டைமாடிக்குக் கொண்டுபோவது நல்லது. பாதி இடம் நிழலாக இருக்க வேண்டும். ஆமைக்கு வியர்க்காது. நடுப்பகல் கொங்கிறீற்றில் நிழலில்லாமல் விட்டால் கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போகும். புற ஊதா ரியூப் வைப்பவர்கள், வெளிச்சம் அப்படியே இருந்தாலும் கதிர் மங்கிவிடும் என்பதால் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் அதை மாற்ற வேண்டும்.

இனி சமையலறை. சாப்பாட்டில் பொஸ்பரசை விடக் கல்சியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்க வேண்டும்; பொஸ்பரசு மிஞ்சினால் அது கல்சியத்தைக் குடலிலேயே பிடித்துவைக்கும். நாம் பாசத்தோடு நீட்டுகிற சோறு, பாண், வாழைப்பழம் எல்லாம் தலைகீழ் கணக்கு. 100 கிராம் வாழைப்பழத்தில் கல்சியம் சுமார் 5 மில்லிகிராம், பொஸ்பரசு 22. போதாததற்கு, புல் தின்னும் இனங்களின் பெருங்குடலில் நார்ச்சத்தை நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. இனிப்புப் போனால் அவற்றின் சமநிலை கெட்டு வயிற்றோட்டம் வரும். அவற்றுக்குப் புல்தான் சாப்பாடு. பிள்ளையாருக்கென்று கோயில் வாசலில் விற்கிற அறுகம்புல் கட்டு நல்ல தீனி. வல்லாரையும் செவ்வரத்தை இலையும் பூவும் கொடுக்கலாம், முருங்கையிலை இடையிடையே. ஒட்சலேற்று என்ற உப்பு மிகுந்த கீரைகளைத் தினமும் கொடுக்கக் கூடாது, அதுவும் கல்சியத்தைக் கட்டிவைக்கும். எதையும் நன்றாகக் கழுவுங்கள், சந்தைக் கீரையில் பூச்சி மருந்து இருக்கலாம். கல்சியத்துக்குக் கடைத் தூளைத் தேடி அலையவும் வேண்டாம்: கணவாய் ஓடு கல்சியம் காபனேற்றுதான். உப்புப் போக ஊறவைத்துக் காயவைத்துப் போட்டால் தானே கடித்துக்கொள்ளும்.

ஓட்டுக் கட்டங்கள் கோபுரம் கோபுரமாக எழும்புவதற்குப் புரதமே காரணம் என்று நெடுநாள் சொன்னார்கள். ஆபிரிக்க ஆமைக் குட்டிகளில் செய்து 2003இல் வெளியான ஆய்வு, புரதத்தை விட உலர்ந்த காற்றே பெரிய காரணம் என்று காட்டியது. கொழும்புக் காற்றில் ஈரம் தாராளம். அதை உலர்த்துவது ஏ.சி. அறை. ஏ.சி. ஓடும் அறையில் குட்டியை வைக்காதீர்கள்.

வாரத்தில் சில நாள், தாடை மட்டத்துக்கு மேல் போகாத வெதுவெதுப்பான தண்ணீரில் விடுங்கள். குடித்துவிட்டு வெள்ளைக் கூழாக யூரேற்றை, அதாவது சிறுநீர்க் கழிவை, வெளியேற்றும். அது மணல் போல நறநறத்தால் தண்ணீர் போதவில்லை.

இலங்கையின் நட்சத்திர ஆமை சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. 2019 முதல் அதன் சர்வதேச வணிகமும் தடை. வழியில் கண்டால் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். வளர்ப்பது எந்த இனமானாலும் தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், சல்மனெல்லா கிருமி சுகமான ஆமையிடமும் இருக்கும். குளிப்பாட்டிய தண்ணீரை சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.