அழிக்க அழிக்க வீங்கும் அஞ்சல்பெட்டி

"தண்டர்பேர்ட் மெயில் புரோகிராமில் இருபதாயிரம் பழைய மெயிலை டெலீட் செய்துவிட்டேன். இன்பாக்ஸ் காலி. ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் அது பிடிக்கும் இடம் குறையவில்லை, கூடியிருக்கிறது. கம்ப்யூட்டரில் வைரஸா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

வைரஸ் இல்லை. இன்பாக்ஸ் என்பது நாம் நினைப்பதுபோல் தனித்தனி கடிதங்கள் கிடக்கும் பெட்டியும் இல்லை. வட்டில் அது ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 1970களின் யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் எம்பாக்ஸ் என்ற முறை இது. வந்த மெயில்கள் வந்த வரிசையிலேயே ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். 'ஃப்ரம்' என்ற சொல்லும் ஓர் இடைவெளியுமாக ஒரு வரி தொடங்கினால் அங்கே அடுத்த கடிதம் ஆரம்பம், அவ்வளவுதான் இலக்கணம். படமும் பிடிஎஃப்பும்கூட எழுத்தாக மாறித்தான் உள்ளே போகின்றன: 3 பைட்டுக்கு 4 எழுத்து. 9 எம்பி இணைப்பு 12 எம்பிக்கு மேல் இடம் பிடிப்பது இதனால்.

டெலீட் பொத்தானை அழுத்தும்போது நடப்பதுதான் அழகு. ஃபைலின் நடுவில் இருக்கும் பைட்டுகள் மேல் வேறு பைட்டுகளை எழுதலாம். ஆனால் நடுவிலிருந்து ஒரு துண்டை உருவி எடுக்க முடியாது. 3 ஜிபி ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும் 5 கேபி கடிதத்தை நீக்க வேண்டுமானால், பின்னால் இருக்கும் அத்தனையையும் 5 கேபி முன்னால் தள்ளி எழுத வேண்டும். ஒவ்வொரு டெலீட்டுக்கும் இதைச் செய்தால் புரோகிராம் உறைந்துபோகும். அதனால் தண்டர்பேர்டை உருவாக்கிய மொஸில்லாக்காரர்கள் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் 'எக்ஸ்-மொஸில்லா-ஸ்டேட்டஸ்' என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். அதில் நான்கே இலக்கங்கள். படித்தது என்றால் 1, பதில் போட்டது 2, நட்சத்திரம் இட்டது 4, அழித்தது 8. பொருந்துவதையெல்லாம் கூட்டிப் பதினாறடிமான எண்ணில் (10க்கு ஏ, 11க்கு பி என்று எழுதும் முறை) எழுத வேண்டியதுதான். படித்த கடிதம் 0001. அதை அழித்தால் 0009. படித்து, பதிலும் போட்டுவிட்டு அழித்தது 000பி.

ஏன் எப்போதும் நான்கு இலக்கம்? 1 என்பது 9 ஆனாலும் வரியின் நீளம் மாறக்கூடாது. இருந்த இடத்திலேயே ஓர் எழுத்தை மாற்றினால் போதும், பின்னால் இருக்கும் ஜிபிக்கணக்கான பைட்டுகள் அசைய வேண்டாம். கடிதத்துக்கு நாம் ஒட்டும் டேக் எனும் அடையாளப் பெயர்களை எழுதும் 'எக்ஸ்-மொஸில்லா-கீஸ்' வரியில் எதுவும் இல்லாவிட்டாலும் வெற்று இடைவெளிகளாக நிரப்பி வைத்திருப்பார்கள். பின்னால் எழுத இடம் வேண்டுமே!

இனி, கூடியது எப்படி என்று பார்க்கலாம். டெலீட் செய்த கடிதம் முதலில் டிராஷ் ஃபோல்டருக்கு நகலாகப் போகிறது. டிராஷ் என்பது இன்னொரு எம்பாக்ஸ் ஃபைல். 10 எம்பி கடிதம் இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது: டிராஷில் உயிரோடு, இன்பாக்ஸில் 8 முத்திரையோடு. டிராஷைக் காலி செய்தாலும் இன்பாக்ஸில் இருக்கும் சடலம் அப்படியே கிடக்கும்.

அதை அகற்றுவதுதான் காம்பாக்ட். புரோகிராம் ஒரு புதிய தற்காலிக ஃபைலைத் திறந்து, முத்திரை இல்லாத கடிதங்களை மட்டும் அதில் படியெடுத்து, கடைசியில் பழைய ஃபைலின் இடத்தில் அதை வைக்கிறது. ஆகவே இடத்தை மீட்கும் வேலைக்கே முதலில் இடம் வேண்டும். உயிரோடிருக்கும் கடிதங்கள் 6 ஜிபி என்றால், வட்டில் குறைந்தது 6 ஜிபி காலியாக இருக்கட்டும். 'என்எஸ்டிஎம்பி' என்ற பெயரில் விசித்திரமான ஃபைல்கள் முளைத்திருந்தால், முன்பு ஒருமுறை இந்தப் படியெடுப்பு பாதியில் அறுந்திருக்கிறது என்று பொருள். வட்டு நிரம்பியிருக்கலாம், ஆன்டிவைரஸ் அதே ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம், பொறுமையிழந்து யாராவது புரோகிராமை மூடியிருக்கலாம்.

செய்முறை இது. புரோகிராமை மூடிவிட்டு கடிதங்களும் அமைப்புகளும் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டரை முழுதாக வேறு வட்டுக்கு நகலெடுங்கள். அந்த வட்டு ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது, கவனம். ஆன்டிவைரஸில் புரொஃபைல் ஃபோல்டருக்கு விலக்கு கொடுங்கள். பிறகு திறந்து, டிராஷைக் காலி செய்து, ஃபைல் மெனுவில் காம்பாக்ட் ஃபோல்டர்ஸ். முடியும்வரை எதையும் தொடாதீர்கள். பட்டியலில் தலைப்பு ஒன்றும் திறக்கும் கடிதம் வேறொன்றுமாக இருந்தால் கெட்டது கடிதமல்ல, அருகிலிருக்கும் எம்எஸ்எஃப் என்ற அட்டவணை ஃபைல். ஃபோல்டரின் புராப்பர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டர் கொடுத்தால் அது புதிதாக எழுதப்படும்.

மைக்ரோசாஃப்டின் மெயில் புரோகிராமான அவுட்லுக் கடிதங்களைச் சேமிக்கும் பிஎஸ்டி ஃபைல் வேறு வகை, உள்ளமைப்பு சிக்கலானது. 2002 வரையான பதிப்புகளில் 2 ஜிபிதான் உச்சவரம்பு. அதைத் தொட்டுவிட்டு ஃபைலே திறக்காமல் நின்றவர்கள் ஏராளம். 2003இல் 20 ஜிபி, 2010இல் 50 ஜிபி என்று இயல்பான வரம்பை உயர்த்தினார்கள். அங்கேயும் அழித்த இடம் உடனே சுருங்காது. டேட்டா ஃபைல் செட்டிங்கில் காம்பாக்ட் நவ் கொடுக்க வேண்டும்.

புரோகிராமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது கம்ப்யூட்டர் உலகின் தாயத்து. கடிதங்கள் இருப்பது புரொஃபைலில். சாதாரணமாக நிறுவல் அதைத் தொடுவதே இல்லை. வேகமாக்குவதாகச் சொல்லும் கிளீனர் மென்பொருளும் அதே ரகம். கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும் ஐமேப் கணக்கு என்றால் ஃபைலை ஒதுக்கிவிட்டு சர்வரிலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம். கடிதங்களைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கில், சர்வரில் பிரதி விட்டுவைக்கவில்லை என்றால், உங்களிடம் இருக்கும் அந்த ஒரே ஃபைல்தான் எல்லாம்.

காம்பாக்ட் செய்யும் முன் ஒரு நிமிடம்: முக்கியமான கடிதம் தவறுதலாக அழிந்துவிட்டதா? புரோகிராமை மூடி, நகலெடுத்து, பெரிய ஃபைலைத் தாங்கும் டெக்ஸ்ட் எடிட்டரில் இன்பாக்ஸைத் திறந்து, பொருள் வரியைத் தேடுங்கள். மேலே இருக்கும் 0009ஐ 0001 ஆக்கி, சேமித்து, எம்எஸ்எஃப் ஃபைலை அழித்துவிட்டுத் திறந்தால் கடிதம் பழைய இடத்திலேயே இருக்கும்.