இந்துப்பும் உப்புதான்

"சாலட்ல உப்பே சேர்க்கறதில்ல மேடம், இந்துப்புதான்." ரத்த அழுத்தத்துக்கு உணவு ஆலோசனை கேட்டு வருபவர்கள் பெருமையோடு சொல்வது இது. இந்த வாரமும் ஒருவர் சொன்னார், கால் வீக்கத்தோடு.

மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பானாலும் சரி, பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்து ரோஸ் நிற இந்துப்பானாலும் சரி, 95 சதவீதத்துக்கு மேல் சோடியம் குளோரைடுதான். அந்த ரோஸ் நிறம் அதில் துளியளவு இருக்கும் இரும்பு ஆக்சைடால் வருவது. அதிலுள்ள தாதுக்கள் உடம்புக்குப் பயன்படும் அளவுக்கு வேண்டுமென்றால், அதற்குள் சாப்பிட்டிருக்கும் உப்பே ஆளைப் படுக்க வைத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வது 5 கிராம் உப்புக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். சாம்பார், இட்லி, ஊறுகாய் எல்லாம் அதற்குள்தான் அடங்கவேண்டும். விலை கூடுதல் என்பதால் உப்பின் குணம் மாறிவிடாது. கூடவே, பெரும்பாலான இந்துப்பில் அயோடின் சேர்ப்பதில்லை, அதுவும் நஷ்டம்.

கறுப்பு உப்பு கலந்த சாட் மசாலாவும் இதே கணக்குதான்.

உப்பில்லாத சாலட் சப்பென்று இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரம். அலசிய இலையை அப்படியே போட்டால் தண்ணீர் அடியில் தேங்கி, புளிப்பும் காரமும் கரைந்து போகும். கை தானாக உப்பு ஜாடிக்குப் போகும். கொத்தமல்லி, புதினாவை மூன்று தண்ணீரில் அலசி, காட்டன் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். வெள்ளரியின் விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்தெடுங்கள்.

இரண்டு பேருக்கு: வெள்ளரி 1, கேரட் 1, முக்கால் மணி நேரம் ஊறிய பாசிப்பருப்பு 2 டேபிள்ஸ்பூன் (நன்றாக வடித்தது), கொத்தமல்லி ஒரு கைப்பிடி, புதினா அரைக் கைப்பிடி, துருவிய இஞ்சி அரை அங்குலம், ஒரு பச்சை மிளகாய். இலைகளை அலங்காரத்துக்குத் தூவுவது போல நாலு கிள்ளிப் போடுவதில் பயனில்லை. உப்பின் இடத்தை நிரப்பப் போவதே அவைதான். புதினாவைப் பரிமாறும் நேரத்தில் கையால் கிள்ளுங்கள், முன்கூட்டியே நறுக்கினால் கறுத்துவிடும். ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து ஆறவிட்டுக் கொட்டுங்கள். வறுத்துப் பொடித்த சீரகம், மிளகு தலா கால் டீஸ்பூன். அரை எலுமிச்சம்பழச் சாறு கடைசியில். சீசனில் பச்சை மாங்காய்த் துருவல் இன்னும் நல்லது. மேலே பண்ருட்டி முந்திரி நாலு, உப்புப் போடாதது. உப்பு முந்திரி வாங்கிவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லோடும் சாப்பிடவேண்டாம், நாக்கில் ருசியே தெரியாது.

பக்கத்தில் மோர்மிளகாயும் வறுத்த கருவாடும் வைத்துக்கொண்டு சாப்பிட்டால் இத்தனை வேலையும் வீண். புதுச்சேரி ஒயிட் டவுனில் வெளியே சாப்பிடும்போது ஆலிவ், சீஸ், பாட்டில் டிரஸ்ஸிங் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்; எலுமிச்சை தனியாகக் கேளுங்கள். ஆலிவ் உப்புநீரில் ஊறி வருவது, இலைக்கு நடுவே கிடப்பதால் அது பச்சைக் காய்கறி ஆகிவிடாது.

கடையில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பை நீங்களாக வாங்காதீர்கள், தயவுசெய்து. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரக நோயாளிகள் இந்தச் சாலட்டையும் டாக்டரிடம் காட்டிவிட்டே தொடங்கவேண்டும், இலைகளிலும் பருப்பிலும் பொட்டாசியம் உண்டு.

வீட்டில் நீர் மாத்திரை எடுக்கும் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் சாப்பாட்டில் உப்பை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், ரத்தத்தில் சோடியம் அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ, அளவுக்கு மீறித் தூங்கி வழிந்தாலோ வயசு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.