புழல் சிறையில் கோபத்துக்கும் பயிற்சி உண்டு: யாரைக் கேட்பது?

வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ அடிதடி கேஸில் ஒரு பையன் உள்ளே போனால், வீட்டில் முதல் கேள்வி "ஜாமீன் எப்போ?" என்பதுதான். சிறையில் மனு போட்டு அவனைப் பார்த்துவிட்டு வரும் அம்மாவுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கும்: "இவன் கோபம் எப்ப சார் அடங்கும்?"

கோபத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சிக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. சிறையில் உளவியலாளரும் நலன் அலுவலரும் தரும் ஆலோசனையில் இதுவும் சேர்த்தி. கைதியே அவர்களிடம் கேட்கலாம். வீட்டார் சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாம். முதல் முறை சிக்கிய 18 முதல் 24 வயதுப் பையன்களுக்கு 'பறவை' என்ற திட்டமும் வந்தது, அதையும் விசாரியுங்கள்.

பயிற்சி என்றால் உபதேசம் இல்லை. தண்ணி லாரி வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் குடத்தை முன்னே நகர்த்துகிறான். தட்டிக் கேட்டால் அம்மாவை இழுத்துத் திட்டுகிறான். கை ஓங்கும் முன் உடம்பில் என்ன நடந்தது? காது சூடானதா, தாடை இறுகியதா? அதைக் கண்டுகொள்ளப் பழகியவனுக்கு, குடத்தை வைத்துவிட்டு நாலு அடி தள்ளிப் போக நேரம் கிடைக்கும். அப்புறம் அதே சண்டையை ஆள் மாற்றி நடித்துப் பார்ப்பார்கள். "விட்டுட்டு வந்தா ஏரியால மதிப்பு போயிடும்" என்ற நினைப்பை உடைப்பதுதான் பெரிய வேலை. கோபத்தைவிட அந்த மதிப்புக் கணக்குதான் கத்தியை எடுக்க வைக்கிறது என்பேன்.

விசாரணைக் கைதிகளிடம் ஒரு சிக்கல்: ஜாமீன் வந்ததும் பயிற்சி பாதியில் நின்றுவிடும். வெளியே வந்தபின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

பயிற்சிக்குப் போனால் ஜாமீன் கிடைத்துவிடாது. ஆனால் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் இல்லையென்றால், சிறைத் தண்டனை தரும் முன் அவரது குணம் பற்றி நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்க வேண்டும். விசாரிக்க அந்த அலுவலர் வீட்டுக்கு வந்தால், பயிற்சி பற்றி மறக்காமல் சொல்லுங்கள்.

தூக்கமே இல்லை, காதில் குரல் கேட்கிறது என்றால் அது வேறு விஷயம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை கைதியின் உரிமை. வக்கீல் இல்லையென்றால் சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவிக்கு வருமானச் சான்று தேவையில்லை.