ஒவ்வொரு வயலினுக்கும் ஒரு மைக் வேண்டாம்

எங்கள் களியக்காவிளைப் பக்கம் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண மேடைப் பாட்டுக் கச்சேரிதான். நான் சொல்வது வேறு, டிசம்பரில் சர்ச் குவயரோடு வயலின், செல்லோ, புல்லாங்குழல், ட்ரம்பெட் என்று இருபது பேர் உட்கார்ந்து வாசிப்பார்களே, அது. ரிக்கார்டிங்குக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை மைக் கொண்டு வருவீங்க?" முக்கியமாக இரண்டுதான் என்றால் முகம் வாடிவிடும்.

மேடைப் பழக்கம் அது. வயலினுக்கு ஒரு சாண் தள்ளி மைக் வைத்தால் வில் தந்தியில் உரசுகிற கரகரப்புதான் விழும். வயலின் சத்தம் மேலே கிளம்பி, கூரையிலும் சுவரிலும் பட்டு, பக்கத்து வயலின்களோடு கலந்த பிறகுதான் நமக்கு இனிக்கிறது. வீட்டு ஸ்பீக்கரில் வர வேண்டியது அந்தக் கலவை. இரண்டு மைக்கில் இதைப் பிடிக்கிற வழிக்கு ஆலன் ப்ளம்லைன் என்ற எஞ்சினியர் 1931-லேயே இங்கிலாந்தில் காப்புரிமை கேட்டுவிட்டார்!

நான் வைப்பது பிரெஞ்சு வானொலிக்காரர்களின் ஓ.ஆர்.டி.எஃப் முறை: இரண்டு கார்டியாய்ட் மைக் (முன்னால் வருகிற சத்தத்தை அதிகமாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் பிடிக்கிற வகை), நடுவில் 17 செ.மீ., ஒன்றுக்கொன்று 110 டிகிரி விரிந்து. கையசைத்து வாசிப்பை வழிநடத்துகிற இசை நடத்துநரின் முதுகுக்குப் பின்னால், பத்தடி உயரத்தில். சரியான இடத்துக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து பார்ப்பேன், எதிரொலி வாசிப்பை விழுங்க ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டாண்ட். ஒத்திகையில் சர்ச் காலியாக இருப்பதால் எதிரொலி கூடுதலாகத்தான் இருக்கும், பயந்து மைக்கைக் கிட்டே தள்ளிவிடாதீர்கள், ஆள் நிறைந்தால் அடங்கிவிடும். ஃபேனை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

ஒருமுறை பின்வரிசைப் புல்லாங்குழல் கேட்கவில்லை என்று தனி மைக் வைத்தேன். வீட்டில் போட்டால் குழல்காரர் நடத்துநர் மடியில் உட்கார்ந்து ஊதுகிற மாதிரி இருந்தது! சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், முக்கிய மைக் ஏழு மீட்டர் தள்ளி இருந்ததால் தனி மைக்கில் 20 மில்லி விநாடி முன்னாலேயே வந்துவிட்டது. அந்தச் சேனலை அவ்வளவு தாமதப்படுத்தி, அளவையும் நன்றாகக் குறைத்த பிறகுதான் குழல் தன் நாற்காலிக்குத் திரும்பியது.

அப்புறம், ரிக்கார்டரை 24 பிட் என்ற நுணுக்கமான அளவில் வைத்துப் பதியுங்கள், ட்ரம்பெட் உச்சத்தில்கூட மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். மெல்லிய இடம் கேட்கவில்லை, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்குகிற கம்ப்ரசர் போடுங்கள் என்பார்கள். நான் போடுவதில்லை, வால்யூமைக் கூட்டிக் கேளுங்கள் என்றுவிடுவேன்.